காலங்காலமா சாப்பிட்ட மஞ்சள்தானே?

எங்கட வாசிப்பு வட்டத்தில் இருக்கிற ஒருத்தியின் அம்மாவுக்குப் போன வருசம் உடம்பு ஏலாமல் வந்தது. முதலில் களைப்பு. பிறகு சாப்பாட்டில் விருப்பமில்லை, உடம்பெல்லாம் கடி. ஒருநாள் காலமை சலம் கடும் தேத்தண்ணி நிறத்தில் போகுது எண்டு அம்மா சொல்ல, மகள் கண்ணைப் பார்த்தாள். வெள்ளை முழி மஞ்சளாக இருந்தது. செங்கமாரி.

வைத்தியசாலையில் குருதிப் பரிசோதனை செய்தார்கள். ஈரல் நொதியங்கள் கூடிப்போய் இருந்தன. கிருமித்தொற்று இல்லை, ஸ்கானிலும் கல்லோ கட்டியோ தெரியவில்லை. "என்ன மருந்து பாவிக்கிறீங்கள் அம்மா?" என்று கேட்ட ஒவ்வொரு முறையும் "பிரஷருக்கு ஒரு குளிசை, அவ்வளவுதான்" என்றே அம்மா சொன்னா. மூன்றாவது தடவை டொக்டர் கேள்வியை மாற்றிக் கேட்டார்: "சத்து மருந்து, நாட்டு மருந்து, வெளிநாட்டில இருந்து யாரும் அனுப்பினது ஏதாவது?"

"மருந்தெண்டு ஒண்டுமில்லை டொக்டர். மஞ்சள்தான்."

முழங்கால் நோவுக்கு நல்லது என்று லண்டனில் இருக்கிற தங்கச்சி அனுப்பிய போத்தல் அது. ஒரு நாளைக்கு இரண்டு கப்சூல், ஐந்து மாதமாக. டொக்டர் அதை உடனே நிப்பாட்டச் சொன்னார். நொதியங்கள் பழைய அளவுக்கு இறங்க இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது. அம்மா சுகமாகிவிட்டா. ஆனால், அவவின்ர மனதில் ஒரு கேள்வி மட்டும் ஆறவில்லை: "காலங்காலமா சாப்பிட்ட மஞ்சள்தானே? அது எப்பிடி எனக்கு மட்டும் நஞ்சானது?"

நாங்கள் மருத்துவர்கள் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியில் பாதி வரலாற்றுக் கேள்வி. "காலங்காலமாக" என்பது எந்தக் காலம்? அந்தக் காலங்களில் ஆட்கள் சாப்பிட்டது இந்த மஞ்சளைத்தானா? இதைத்தான் இந்தக் கட்டுரையில் தேடிப் பார்க்கிறோம்.

விதை இல்லாத பயிர்

மஞ்சளைப் பற்றிக் கனபேருக்குத் தெரியாத ஒரு விசயத்தில் இருந்து தொடங்குவோம். மஞ்சள் செடி பூக்கும், ஆனால் முளைக்கக்கூடிய விதை தராது. அதன் கலங்களில் நிறமூர்த்தங்கள் மூன்று தொகுதிகளாக இருப்பதால் அது மலட்டுப் பயிர். கிழங்கை உடைத்து நட்டால்தான் அடுத்த செடி. அப்படியென்றால் இன்றைக்கு உலகத்தில் இருக்கிற ஒவ்வொரு மஞ்சள் செடிக்கும் பின்னால், யாரோ ஒருவர் ஒரு துண்டுக் கிழங்கை எடுத்து வைத்து, மழைக்கு முன்னம் மண்ணில் ஊன்றிய சங்கிலி ஒன்று அறாமல் இருக்கிறது. மஞ்சள் காடு தந்த மூலிகை இல்லை, மனிசர் கை மாற்றிக் கை மாற்றிக் காப்பாற்றிய பயிர்.

அந்தச் சங்கிலி எவ்வளவு நீளம்? இந்தியாவின் ஹரியானா மாநிலத்தில் பர்மானா என்ற இடத்தில் சிந்துவெளிக் காலக் குடியிருப்பு ஒன்று அகழப்பட்டது. அங்கே கிடைத்த சமையல் பானைகளிலும் மனிதப் பற்களிலும் ஒட்டியிருந்த மாப்பொருள் துணிக்கைகளை ஆராய்ந்தபோது இஞ்சியும் மஞ்சளும் அகப்பட்டன. ஏறக்குறைய 4500 வருசத்துக்கு முந்தைய கறி. அதைவிட ஆச்சரியம், மேற்கே மெகிடோ என்ற பழைய நகரத்தில், கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டைச் சேர்ந்த ஒருவரின் பற்காரையிலும் மஞ்சளின் தடயம் கிடைத்ததாக 2020இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தெற்காசியாவின் மஞ்சள் அந்தக் காலத்திலேயே மத்தியதரைக் கடலோரம் வரை போயிருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தத் தடயங்கள் எல்லாம் பானையிலும் பல்லிலும் இருந்து வந்தவை என்பது. அம்மா சொன்ன "காலங்காலமா" பொய் இல்லை. ஆனால் அது சாப்பாட்டின் காலம். கொஞ்சமாக, மற்ற சரக்குகளோடு, சமைத்து, சோற்றோடு.

பரியாரியார் கேட்ட கேள்விகள்

சாப்பாடு மட்டுமில்லை, மருந்தாகவும் பாவித்தோம்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆயுர்வேதத்திலும் சித்தத்திலும் மஞ்சளுக்குப் பெரிய இடம் இருக்கிறது. எங்கட பக்கத்தில் யாழ்ப்பாண அரசர்களின் பெயரால் வழங்குகிற செகராசசேகரம், பரராசசேகரம் என்ற வைத்திய நூல்களே இருக்கின்றன. வீட்டுக்குள் பார்த்தால், பிள்ளை பெத்த தாய்க்கு மஞ்சள், மல்லி, மிளகு, சீரகம், உள்ளி எல்லாம் அம்மியில் அரைத்து வைக்கிற சரக்குக் கறி இன்றைக்கும் கனக்க வீடுகளில் உண்டு. சாமத்திய வீட்டிலும் கலியாண வீட்டிலும் மஞ்சள் இல்லாமல் முடியாது. மீனைக் கழுவும்போதும் கொஞ்சம் மஞ்சள் பிரட்டுவது பழக்கம்.

ஆனால் பரியாரியார் ஒருவர் மருந்து கொடுத்த முறையை நினைத்துப் பாருங்கள். "மஞ்சள் நல்லது, சாப்பிடு" என்று சொல்லி ஒரு மாதத்துக்குரியதைக் கையில் கொடுத்து அனுப்பும் வழக்கம் இருக்கவில்லை. எவ்வளவு என்று அளவு சொன்னார். தேனிலா, பாலிலா, வெந்நீரிலா என்று அனுபானம் சொன்னார். எதைச் சேர்க்கக் கூடாது என்று பத்தியம் சொன்னார். எத்தனை நாள் என்று சொன்னார். நாடி பார்த்தார், ஆளைப் பார்த்தார், திரும்பி வரச் சொன்னார். சில சரக்குகளைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கவே மாட்டார்கள்.

இந்த முறைகள் எல்லாம் நவீன பரிசோதனையில் தேறியவை என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் மருந்தால் ஈரல் பழுதானவர்களைக் கணக்கெடுத்து வைக்க யாரும் இருக்கவில்லை. கெடுதி நடந்திருந்தாலும் "விதி" என்று போயிருக்கும். நாங்கள் சொல்ல வருவது இதைத்தான்: "இயற்கையானது, அதனால் ஆபத்தில்லை" என்ற வசனம் பாரம்பரிய வைத்தியத்தின் வசனம் இல்லை. அளவும் நாளும் பத்தியமும் சொல்லித்தான் மருந்து கொடுத்தார்கள் என்றால், மருந்து கெடுதியும் செய்யும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வசனத்தைப் பிறகு எழுதியது விளம்பரம்.

பெயர்களிலும் ஒரு பொறி இருக்கிறது. கறிக்குப் போடுகிற மஞ்சள் ஒன்று. முகத்துக்குப் பூசுகிற கஸ்தூரி மஞ்சள் வேறொரு செடி. சிங்களத்தில் "வெனிவெல்" என்று சொல்லி மல்லியோடு அவித்துக் குடிக்கிற மரமஞ்சளுக்கும் மஞ்சளுக்கும் சொந்தமே இல்லை. அது ஒரு கொடி, அதன் மஞ்சள் நிறம் வேறு இரசாயனத்தால் வருவது. மூன்றுக்கும் பெயரில் மஞ்சள் இருக்கிறது என்பதற்காக ஒன்றுக்குப் பதில் மற்றதைப் பாவிக்க முடியாது. பரியாரியாருக்கு இது தெரியும். இணையத்தில் பெயரைத் தட்டி வாங்குகிற எங்களுக்கு?

கிழங்கில் இருந்து மூலக்கூறுக்கு

17ஆம் நூற்றாண்டில் கொச்சியில் ஒல்லாந்தர்களின் தளபதியாக இருந்தவர் வான் ரீட். மலபாரின் தாவரங்களைப் பற்றி 12 தொகுதிகள் கொண்ட "ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்" என்ற பெரிய நூலை அவர் தொகுப்பித்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அது அச்சானது. அதில் மஞ்சளுக்கும் படம் இருக்கிறது, மலையாளப் பெயரோடு. அந்த நூலுக்கு மூலிகை அறிவைக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். அவருடைய அறிவு இலத்தீனில் ஐரோப்பாவுக்குப் போனது. 1753இல் லின்னேயஸ் மஞ்சளுக்குக் "குர்குமா லோங்கா" என்று பெயர் வைத்தார்.

1815இல் வோகல், பெல்தியே என்ற இரண்டு பேர் மஞ்சளின் நிறப்பொருளைப் பிரித்தெடுத்து அதற்குக் "குர்குமின்" என்று பெயரிட்டார்கள். 1910இல் அதன் மூலக்கூற்று அமைப்பு கண்டுபிடிக்கப்பட்டது. இது அறிவியலில் நல்ல காரியம்தான். ஆனால் மஞ்சளின் வரலாறு இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் கிழங்கு. மற்றப் பக்கம் கிழங்கில் சுமார் 3 வீதம் மட்டும் இருக்கிற ஒரு பொருள். இனிமேல் "மஞ்சள்" என்று சொன்னால் இரண்டில் எது என்று கேட்க வேண்டும்.

1995இல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, காயம் ஆற்ற மஞ்சளைப் பாவிப்பதற்கான காப்புரிமை கொடுக்கப்பட்டது. எங்கட ஆச்சிமாருக்கெல்லாம் தெரிந்த ஒன்றுக்குக் காப்புரிமையா என்று இந்தியா கொதித்தது. இந்திய அறிவியல், தொழில்துறை ஆராய்ச்சி மன்றம் வழக்காடியது. பழைய நூல்களையும், 1953இல் ஓர் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரையையும் சான்றாகக் காட்டியது. 1997இல் காப்புரிமை நீக்கப்பட்டது. நியாயமான வெற்றி அது.

ஆனால் அந்த வழக்கில் நிரூபிக்கப்பட்டது என்ன? மஞ்சளைக் காயத்துக்குப் போடுவது புதிய கண்டுபிடிப்பு இல்லை என்பது மட்டும்தான். மஞ்சள் எந்த நோயை மாற்றும், எவ்வளவு எடுத்தால் கெடுதி இல்லை என்பது அங்கே விசாரிக்கப்படவே இல்லை. பழமைக்கான சான்று வேறு, பலனுக்கான சான்று வேறு, பாதுகாப்புக்கான சான்று வேறு. அந்த வெற்றிக்குப் பிறகு எங்கட ஆட்களின் பேச்சில் இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

தூளாகப் போன பிறகு

கிழங்கு தூளாக மாறியபோது நாங்கள் இழந்தது ஒன்று இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்கிற வசதி.

இதற்கு ஆகக் கொடுமையான உதாரணம் வங்காளதேசம். 1980களில் அங்கே வெள்ளம் வந்து மஞ்சள் சரியாகக் காயாமல் நிறம் மங்கிப்போனது. விற்கமுடியாத மஞ்சளுக்கு நிறம் ஏற்றச் சிலர் ஈயக் குரோமேற்றைப் பூசத் தொடங்கினார்கள். அது பெயின்ருக்குப் போடுகிற மஞ்சள் நிறப்பொருள். வெள்ளம் வடிந்த பிறகும் பழக்கம் வடியவில்லை. பளிச்சென்ற மஞ்சளுக்குச் சந்தை பழகிவிட்டது. வருசங்களுக்குப் பிறகு, கிராமத்துக் கர்ப்பிணிப் பெண்களின் குருதியில் ஏன் இவ்வளவு ஈயம் என்று ஆராய்ந்தவர்கள் தேடித் தேடிக் கடைசியில் வந்து நின்ற இடம் சமையலறை மஞ்சள். ஈயம் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை.

2019இல் இந்த ஆய்வு வெளிவந்த பிறகு வங்காளதேச அரசு இறங்கி வேலை செய்தது. சந்தைகளில் சோதனை, தண்டம், பத்திரிகையில் எச்சரிக்கை. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 வீதத்தில் இருந்த ஈயக் கலப்படம் 2021இல் பூச்சியத்துக்கு வந்தது. அரசு நினைத்தால் இரண்டு வருசம் போதும்.

இதற்குள் ஒரு பாடமும் இருக்கிறது. அந்தக் கலப்படம் தூளில் மட்டும் நடக்கவில்லை. முழுக் கிழங்கை மினுக்கும்போதே வெளித்தோலில் பூசினார்கள். ஆகவே "கிழங்காக வாங்கினால் பயமில்லை" என்பதும் முழு உண்மை இல்லை. மிதமிஞ்சிய மினுக்கம்தான் சந்தேகப்பட வேண்டிய அடையாளம்.

எங்கட நாட்டுக் கதை எங்களுக்கே நினைவிருக்கும். உள்ளூர் விவசாயிகளை வளர்க்கவும் வெளிநாட்டு நாணயத்தை மிச்சம் பிடிக்கவும் என்று 2019 இறுதியில் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதுவரை நாட்டின் தேவையில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்து வந்தது. மஞ்சள் நட்டு, எட்டு ஒன்பது மாதம் பொறுத்து, கிண்டி, அவித்து, காயவைத்துத்தான் தூளாக்கலாம். ஒரு வர்த்தமானியால் கிழங்கு முளைக்காது. அந்த நேரம் பார்த்துக் கொரோனாவும் வந்தது. வீட்டு வாசல்களில் மஞ்சள் தண்ணி தெளித்தார்கள், எல்லாரும் மஞ்சள் தேடினார்கள். 2020இல் கிலோ 750 ரூபா என்று அரசாங்கம் உச்ச விலை வைத்தது. அந்த விலைக்குக் கடையில் மஞ்சள் இல்லை. மஞ்சள் இருந்த கடையில் விலை பல ஆயிரமாக இருந்தது.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாட்டுக் கரையில் இருந்து மன்னார், கற்பிட்டி, யாழ்ப்பாணக் கரைகளுக்கு மஞ்சள் மூட்டைகள் படகில் வந்தன. கடற்படை பிடித்தது, கிலோக்கணக்கில் எரித்தார்கள். மஞ்சள் கடத்தல் பொருளாக மாறியதைப் பார்த்து முதலில் சிரித்தோம். சிரிக்க முடியாத பகுதி, பக்கெற்றுக்குள் நடந்தது. மாவும் நிறமும் கலந்த தூள் "மஞ்சள்" என்று விற்கப்பட்டது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை தேடுதல் நடத்திப் பிடித்தது. எவ்வளவு பிடிபடாமல் எங்கட கறிச்சட்டிக்குள் போனது?

ஒரு பொருள் மருந்து என்று நம்பப்படுகிறது, திடீரென்று அது கிடைக்காமல் போகிறது, விலை ஏறுகிறது என்றால், கலப்படம் பின்னால் வரும். தூளாக வாங்குகிற எந்த மூலிகைக்கும் இது பொருந்தும். 2020 இறுதியில் இருந்து 2021 தொடக்கம் வரை இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை ஆகிய நான்கு நாடுகளின் 23 நகரங்களில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் ஏறக்குறைய 14 வீதத்தில் ஈயம் கூடுதலாக இருந்ததாக ஓர் ஆய்வு சொல்கிறது. ஆகக் கூடிய அளவுகள் பட்னா, கராச்சி போன்ற நகரங்களில் கிடைத்தவை. இது ஒரு நாட்டுப் பிரச்சினை இல்லை.

கப்சூலுக்குள் போன பிறகு

இப்ப அம்மாவின்ர கேள்விக்குத் திரும்பி வருவோம். ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே பாதி விடை வந்துவிடும்.

ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூள் சுமார் 3 கிராம். அதில் குர்குமின் 3 வீதம் என்று வைத்தால் 90 மில்லிகிராம். நாலு பேருக்கு வைக்கிற கறியில் அரைத் தேக்கரண்டி போட்டால் ஒரு ஆளுக்குப் போவது பத்துப் பதினொரு மில்லிகிராம். உணவில் சேர்க்கிற நிறப்பொருளாகக் குர்குமினை ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை எடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு சொல்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 180 மில்லிகிராம். கறிச் சாப்பாடு இந்த எல்லைக்குக் கிட்டவும் வராது.

அம்மா குடித்த கப்சூல் ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் சாறு, அதில் 95 வீதம் குர்குமின் வகைப் பொருட்கள். இரண்டு கப்சூல் என்றால் ஒரு நாளைக்கு 950 மில்லிகிராம். அரைத் தேக்கரண்டிக் கறியில் ஒரு ஆளுக்குக் கிடைக்கிற அளவோடு ஒப்பிட்டால் எண்பது மடங்குக்கு மேல். அதுவும் நாள் தவறாமல் ஐந்து மாதம்.

அதோடு லேபிளில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: மிளகுச் சாறு. வெறும் குர்குமின் குடலில் இருந்து குருதிக்குள் போவது மிகக் குறைவு. மிளகில் இருக்கிற பைப்பரினைச் சேர்த்தால் மனிதரில் அது இருபது மடங்காகக் கூடியதை 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வொன்று காட்டியது. கொம்பனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. ஆனால் குர்குமினை உடம்பு வேகமாக வெளியேற்றுவது ஒருவகைக் காவல். காவலாளியைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தால் வேண்டியது மட்டும் உள்ளே வராது. பைப்பரின் வேறு சில மருந்துகளின் அளவையும் உடம்பில் கூட்டக்கூடியது.

2019இல் இத்தாலியில் மஞ்சள் கப்சூல் எடுத்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோருக்கு ஈரல் அழற்சி வந்தது பதிவாக, லேபிளில் எச்சரிக்கை போட வேண்டும் என்று அந்த நாட்டு சுகாதார அமைச்சு உத்தரவிட்டது. அமெரிக்காவில் மருந்துகளால் வருகிற ஈரல் பாதிப்பைக் கண்காணிக்கிற வலையமைப்பு ஒன்று, மஞ்சளோடு தொடர்புபட்ட 10 பேரின் விபரத்தை 2022இல் வெளியிட்டது. 5 பேர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். அவர்களில் 7 பேரிடம் குறிப்பிட்ட ஒரு மரபணு வடிவம் இருந்தது. "எனக்கு மட்டும் ஏன்" என்பதற்கான விடை ஒருவேளை இதற்குள் இருக்கலாம். கப்சூல் எடுக்கிற பெரும்பாலான ஆட்களுக்கு ஒன்றும் நடப்பதில்லை. யாருக்கு நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லத்தான் முடியாது.

இவ்வளவுக்கும் கிடைக்கிற பலன் என்ன? குர்குமின் பற்றிய ஆராய்ச்சிகளை எடைபோட்டு 2017இல் மருத்துவ வேதியியல் இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, 120க்கு மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகளுக்குப் பிறகும், கடுமையான முறையில் செய்த ஒன்றும் வெற்றி பெறவில்லை என்று சொன்னது. மூட்டு நோவுக்குச் சின்ன ஆறுதல் இருக்கலாம் என்று சொல்கிற சிறிய ஆய்வுகள் உண்டு. விளம்பரம் சொல்கிற அதிசயம் இல்லை.

அப்ப நாங்கள் என்ன செய்யிறது?

மஞ்சளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நாங்களும் நேற்று மீன் கறிக்கு மஞ்சள் போட்டுத்தான் சாப்பிட்டோம். தேடியதில் இருந்து நாங்கள் எங்களுக்கென்று எடுத்துக்கொண்டவை இவை.

கறியில், பாலில் ஒரு சிட்டிகை, சரக்குக் கறியில், இந்த அளவில் மஞ்சள் அநேகமான எல்லாருக்கும் பயமில்லாத உணவு. அதை உணவாகவே வைத்திருப்போம்.

முடிந்தால் கிழங்காக வாங்குவோம். கண்ணைப் பறிக்கிற மினுக்கம் வேண்டாம். மண்ணிறத் தோலோடு மங்கலாக இருப்பதே நல்லது. கழுவி, காயவைத்து, தெரிந்த மில்லில் அரைப்போம். தண்ணியில் கரைத்துப் பார்க்கிற வீட்டுச் சோதனைகளால் ஈயத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் நினைவில் வைப்போம். பைச் சட்டியில் நாலு கிழங்கு ஊன்றினால், ஒரு வருசத்துக்குள் சொந்த மஞ்சள்.

சாறு, கப்சூல், குளிசை என்று வந்தால் அது மருந்து. மருந்துக்குரிய கேள்விகள் எல்லாம் அதற்கும் உண்டு: எவ்வளவு, எத்தனை நாள், எதோடு சேரக் கூடாது. குருதி உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், பித்தப்பையில் கல் இருப்பவர்கள், ஈரல் வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், நீரிழிவு மருந்து எடுப்பவர்கள், டொக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் எங்கட நாட்டில் இருக்கிறார்கள், அவர்களுக்கென்று அரச வைத்தியசாலைகளும் உண்டு. மூலிகை மருந்துதான் வேண்டும் என்றால் அங்கே போவோம், முகநூல் விளம்பரத்துக்குப் போகாமல்.

களைப்பு, பசியின்மை, கடி, கடும் நிறச் சலம், கண் மஞ்சள். இதில் எது வந்தாலும் கப்சூலை நிப்பாட்டி, போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். போத்தல் முக்கியம். அதைப் பார்த்துத்தான் டொக்டருக்கு விளங்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து அன்பாக வருகிற பார்சல்களை நாங்கள் வாசித்துப் பார்ப்பதில்லை. அம்மாமாருக்கு லேபிள் ஆங்கிலத்தில் இருக்கும், எழுத்தும் சின்னன். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் நாங்கள்தான். அடுத்த முறை வீட்டுக்குப் போனால் அலுமாரியைத் திறந்து பார்த்து, "அம்மா, இது என்ன? எவ்வளவு நாளாக் குடிக்கிறீங்கள்?" என்று கேளுங்கள்.

போன மாதம் எங்கட தோழியின் அம்மா திரும்பவும் கிளினிக்குக்குப் போனா. மகள் ஒரு கொப்பித் தாளில் மருந்துப் பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தாள். முதல் வரியில் பிரஷர் குளிசை. அதற்குக் கீழே அம்மா தன் கையாலேயே எழுதிச் சேர்த்திருந்தா: "மஞ்சள் - கறிக்கு மட்டும்."